ஷெர்வானி போட்ட ஏழை

போன வருஷம் ஐப்பசி மழையில் நான் தொப்பலாக நனைந்து, ஜலதோஷம் பிடித்துப் படுத்துக்கிடந்தேன். அதற்குக் காரணம் மேகமல்ல, சர்க்கார். இதைச் சொன்னால் என் மனைவி சிரிக்கிறாள். நீங்களாவது முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் குடை அப்போது ஷரஃபுதீனிடம் இருந்தது. லஸ் முனையில் டிராம் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் உண்டு. அதன் அடியில் கோணியை விரித்து, கம்பியும் குறடும் கறுப்புத் துணியுமாக உட்கார்ந்து குடை ரிப்பேர் செய்கிறவன் அவன். பெயர்ப்பலகை கிடையாது, மரம்தான் விலாசம். “மரத்தடி பாய்கிட்டே கொடுத்தாச்சு” என்றால் மயிலாப்பூர் முழுவதற்கும் புரியும். வெயில் காலமெல்லாம் பாவம் ஈ ஓட்டுவான். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் தலை நிமிர நேரமிருக்காது. அந்த இரண்டு மாத வேலையில்தான் மற்ற மாதங்களின் சோறும் அவன் வீட்டில் வெந்தாக வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் வறுமையை ஒழிக்கிற இலாகா லஸ்ஸுக்கு வந்து சேர்ந்தது.

அதன் முழுப்பெயர் ‘சகல வயதினருக்குமான வறுமைக் குறைப்பு மற்றும் சமூக ஒதுக்க நிவாரண இலக்குகள் ஸ்பெஷல் காரியாலயம்’. இதை ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவனைத்தான் அங்கே பியூனாக வைத்தார்கள் என்று கேள்வி. எனக்கு அந்த மூச்சு இல்லை. காரியாலயம் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். ஏழைகளின் நடுவிலேயே இருந்து வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானித்து, அதற்குத் தோதாக மரத்துக்கு நேர் எதிரே ஒரு மாடி பங்களாவை வாடகைக்கு எடுத்தார்கள். மேஜைகள் வந்தன. மின்சார விசிறிகள் வந்தன. விசிறிக் காற்றில் காகிதம் பறக்காமல் இருக்கக் கண்ணாடிக் குண்டுகள் வந்தன. கடைசியாக ஸ்பெஷல் ஆபீஸர் கணேசமூர்த்தி தம்முடைய காரோடு வந்தார்.

இலக்கு என்னவென்றால், வறுமையைப் பாதியாகக் குறைப்பது. ஏழைகளில் பாதிப் பேரை ஏழையில்லாமல் செய்வதா, அல்லது எல்லா ஏழைகளையும் அப்படியே வைத்துக்கொண்டு ஆளுக்குப் பாதி வறுமையைக் கழிப்பதா என்பதில் மட்டும் கொஞ்சம் அபிப்பிராய பேதம். இதற்காக இரண்டு கமிட்டி போட்டார்கள். இரண்டும் ஒரே விசிறிக்கு அடியில் உட்கார மாட்டோம் என்று பிடிவாதம் பிடித்ததால் இன்னொரு விசிறி வாங்கினார்கள்.

இதுவரை யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டம் காரால் வந்தது. பங்களாவில் காருக்குக் கொட்டகை கிடையாது. வெயிலில் நின்றால் ஸீட் சுடுகிறது, சுட்ட ஸீட்டில் உட்கார்ந்து வந்தால் ஏழைகளைப் பற்றி நிதானமாக யோசிக்க முடியவில்லை என்று கணேசமூர்த்தி குறைப்பட்டுக்கொண்டார். பக்கத்தில் நிழல் என்று இருந்தது அந்த மரம் ஒன்றுதான். மறுநாள் காலையில் கான்ஸ்டபிள் கருணாகரன் லத்தியைத் தட்டிக்கொண்டு வந்தான்.

“பாய், கெளம்பு. இனிமே இது ஆபீஸர் கார் நிக்கிற எடம்.”

“இன்னா நைனா, திடீர்னு வந்து கெளம்புன்றே? மழ வந்துகினு கீது. கொட குடுத்தவங்கல்லாம் மரத்தப் பாத்துத்தான் வருவாங்க. என்னை எங்க போய்த் தேடுவாங்க?”

“அத்தெல்லாம் எனக்குத் தெரியாது. ஆபீஸுக்கு எதிர்லயே ஏழைங்க குந்திகினு இருந்தா மந்திரி இன்னா நெனைப்பாரு? வேலையே ஆரம்பிக்கலன்னு நெனைக்க மாட்டாரு?”

கருணாகரன் கெட்டவனில்லை. அவன் வீட்டுக் குடையும் ஷரஃபுதீனிடம்தான் இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “உள்ள போய் ஆபீஸரையே கேளு பாய். ஏழைங்களுக்குன்னுதான ஆபீஸ தொறந்துகீறாங்க?” என்றான்.

நியாயமான பேச்சுதான். ஷரஃபுதீன் கோணியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனான்.

உள்ளே நாலு அறைகள். குழந்தை வறுமை, வாலிப வறுமை, நடுவயது வறுமை, முதுமை வறுமை என்று தனித்தனிப் பலகை. ஒரு வயதின் வறுமை இன்னொரு வயதின் அறைக்குள் கால் வைக்கக் கூடாது. வாலிப அறைக் குமாஸ்தா வயது கேட்டார்.

“எம்டன் குண்டு போட்ட வருஷம் பொறந்தேன் சார்.”

சென்னையில் அநேகம் பேருக்கு இதுதான் ஜாதகம். முதல் சண்டையில் ஜெர்மன்காரன் கப்பல் வந்து கடற்கரையில் குண்டு போட்டதை வைத்துத்தான் எல்லாருக்கும் வயது. குமாஸ்தா விரல்விட்டு எண்ணினார்.

“முப்பத்து நாலு முடிஞ்சிருந்தா நடுவயசு, முடியலேன்னா வாலிபம். குண்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“சத்தம் கேட்டு ஊரே ஓடிச்சாமே சார்! எங்கம்மா என்னை வவுத்துல வச்சிகினு மாட்டு வண்டியில பூந்தமல்லிக்கு ஓடினாங்க. அந்த அலைச்சல்ல பொறந்தேன்.”

“போகும்போதா, திரும்பி வரும்போதா?”

“எனக்கு ஞாபகம் இல்ல சார்.”

“சொந்தப் பிறப்பையே கவனிக்காத ஆசாமிக்கு வறுமை வராமல் என்ன செய்யும்?” என்று குமாஸ்தா எரிந்து விழுந்து அவனை நடுவயது அறைக்கு அனுப்பினார். நடுவயது அறைக்காரர் மேலும் கீழும் பார்த்து, தலையில் ஒரு நரைகூட இல்லையே என்று வாலிப அறைக்கே திருப்பினார். மத்தியானம் வரைக்கும் இரண்டு அறைக்கும் நடுவே தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தான். முதுமை அறைக் குமாஸ்தா மட்டும் இரக்கப்பட்டு, “ஏனய்யா இவர்களோடு அல்லாடுகிறீர்? இன்னும் கொஞ்ச காலம் பொறுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்துவிடுமே” என்று யோசனை சொன்னார்.

அப்போது கணேசமூர்த்தி அந்தப் பக்கம் வந்தார். ஷரஃபுதீனின் கிழிந்த பனியனையும் சாயம்போன லுங்கியையும் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. சனிக்கிழமை திறப்பு விழா. மந்திரி முன்னால் வயதுக்கு ஒருவராக ஏழைகளை மேடையில் நிறுத்துவதாக ஏற்பாடு. மற்ற வயதெல்லாம் கிடைத்துவிட்டது. நடுவயது ஏழை மட்டும், நன்றி கெட்ட பயல், எங்கேயோ வேலை கிடைத்துப் போய்விட்டான்.

“நீர் நடுவயசுதான்!” என்றார். எம்டன் விவகாரம் தீர்ந்தது. “சனிக்கிழமை வந்து மேடையில சும்மா நிக்கணும். கடைசியில மந்திரி, உமக்கு என்ன வேணும்னு கேப்பார். கேட்டதைக் கொடுத்துடுவார்.”

“மரத்தடிய கேக்கலாமா சார்?”

“பேஷா!” என்றார் கணேசமூர்த்தி. அப்புறம் காரை எங்கே நிறுத்துவது என்று அவருக்கு அந்த நிமிஷம் தோன்றவில்லை.

ஷரஃபுதீன் வீடு மீர்சாகிப்பேட்டையில் ஒரு சந்தில். அங்கே அவனும் அவன் மனைவி ஜமீலுன்னிசாவும் பேசிக்கொள்வது உருதுவில். நான் தமிழில் எழுதுகிறேன். வேகத்தை மட்டும் நீங்கள் கூட்டிக்கொள்ளுங்கள்.

“இந்தப் பனியனோடவா மந்திரி முன்னாடி போய் நிக்கப் போறீங்க?”

“ஏழையாத்தானே வரச் சொன்னாங்க.”

“ஏழையா வரச் சொன்னாங்க சரி. அசிங்கமா வரச் சொன்னாங்களா? மதிச்சு ஒருத்தர் கூப்பிட்ட எடத்துக்கு அழுக்குத் துணியோட போனா, கூப்பிட்டவங்களுக்கு என்ன மரியாதை? ‘பெண்டாட்டி இவனை எப்படி அனுப்பியிருக்கா பாரு’ன்னு என்னைத்தானே பேசுவாங்க?”

நம்மில் யார் விசேஷத்துக்குக் கந்தல் கட்டிக்கொண்டு போகிறோம்?

அந்தச் சந்துக்கு ஒரு ஷெர்வானி உண்டு. ஜமீலுன்னிசாவின் அண்ணன், தையல்காரர் அப்துல் கய்யூம், தம்முடைய நிக்காவுக்காகத் தைத்துக்கொண்டது. சந்தன நிறப் பட்டு, பளபளவென்று மஞ்சள் பொத்தான்கள். அதற்குப் பிறகு அந்தச் சந்தில் மாப்பிள்ளையான அத்தனை பேரும் அதைத்தான் போட்டுக்கொண்டார்கள். ஒல்லி மாப்பிள்ளைக்குப் பிடித்துத் தைப்பார், குண்டு மாப்பிள்ளைக்குப் பிரித்துவிடுவார். மச்சானுக்காகச் சந்தோஷமாகப் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். சனிக்கிழமை காலையில் ஷரஃபுதீன் ஷெர்வானியும் குஞ்சம் வைத்த துருக்கித் தொப்பியும் அணிந்து, காதில் அத்தர் பஞ்சு செருகி, பெரிய மனிதரை வெறுங்கையோடு பார்க்கக் கூடாதென்று ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் ஏந்திக்கொண்டு புறப்பட்டான். ஜமீலுன்னிசா வாசல் வரை வந்து, “மரத்தை மறந்துடாதீங்க” என்றாள்.

பங்களாத் தோட்டத்தில் பந்தல். பந்தலுக்குப் பின்னால், வெயிலில், கயிறு கட்டி ஒரு இடம். சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்வதற்காக ஏற்பாடான இடம் அது. மரத்தடி வரிசையில் வழக்கமாக ஷரஃபுதீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூ விற்கிற அம்சவேணி, செருப்புத் தைக்கிறவர், வேர்க்கடலைக்காரர் எல்லாரும் கயிற்றுக்கு அப்பால் குந்தியிருந்தார்கள். ஷரஃபுதீனும் அங்கேதான் போகப் பார்த்தான். தொண்டர்கள் ஷெர்வானியைக் கண்டு பதறிப்போய், பன்னீர் தெளித்து, முன்வரிசை சோபாவில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு ஜமீன்தார்.

“தங்களுக்கு எந்த ஸமஸ்தானம்?” என்று விசாரித்தார்.

“மீர்சாகிப்பேட்டை.”

“ஓகோ, கேள்விப்பட்டிருக்கிறேன்” என்று ஜமீன்தார் மரியாதையாகத் தலையாட்டினார்.

மந்திரி பேசினார். “ஏழைகள் என்றைக்கும் இருந்திருக்கிறார்கள். ஆனால் அவர்களை இதுவரை எந்த சர்க்காராவது வயதுவாரியாக அடுக்கியதுண்டா? நாங்கள் அடுக்கியிருக்கிறோம்! எங்கள் இலக்கு உறுதியானது. அந்த இலக்கு எங்களுக்கு எட்டவில்லை என்றால், அதையே நம் பக்கம் நகர்த்தி வைத்துக்கொள்ளும் துணிவும் இந்த சர்க்காருக்கு உண்டு. ஒதுக்கப்பட்ட சகோதரர்களை நாங்கள் மறக்கவில்லை. அவர்களுக்கென்று தனியாக இடம் விட்டு, ஒருவரும் அவர்களை நெருங்கித் தொந்தரவு செய்யாதபடி கயிறும் கட்டியிருக்கிறோம்!”

பலத்த கைதட்டல். “ஒண்ணும் கேக்கல சாமி!” என்று கயிற்றுக்கு அப்பாலிருந்து அம்சவேணி கத்தினாள்.

ஏழைகளை மேடைக்கு அழைத்தார்கள். குழந்தை ஏழை வீறிட்டு அழுதுகொண்டே வந்தது. வாலிப ஏழை வந்தான். “நடுவயது ஏழை!” என்றதும் முன்வரிசை சோபாவிலிருந்து பட்டு ஷெர்வானி எழுந்தது. ஜமீன்தார் தாமும் எழுந்து வழிவிட்டார். அத்தர் வாசனை மேடை ஏறியது. ஷரஃபுதீன் சலாம் வைத்து எலுமிச்சம்பழத்தை நீட்டினான்.

மந்திரி பழத்தை வாங்கிக்கொண்டு, “ஏழை எங்கே?” என்றார்.

கணேசமூர்த்திக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் ஒருவரைச் சும்மாவா ஸ்பெஷல் ஆபீஸராகப் போடுவார்கள்? இரண்டே எட்டில் மைக் முன்னால் வந்து நின்றார்.

“இவர்தான்! போன வாரம் வரைக்கும் இவர் ஏழை. கிழிந்த பனியனோடு நம் காரியாலயத்துக்குள் நுழைந்தார். இன்றைக்குப் பாருங்கள்! திறப்பு விழாவுக்கு முன்பே ஒரு வறுமையை ஒழித்துவிட்டோம்!”

மந்திரி ஷரஃபுதீனைக் கட்டித் தழுவினார். போட்டோ பிடித்தார்கள். மாலை விழுந்தது. ஷரஃபுதீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரம் மட்டும் ஞாபகமிருந்தது.

“உமக்கு வேறு என்ன வேண்டும்?” என்றார் மந்திரி.

“அந்த மரத்தடி சார். பழையபடி அங்கயே குந்திகினு வேலை செய்யணும்.”

மந்திரி கண் கலங்கிவிட்டார். “கேட்டீர்களா! இவ்வளவு உயர்ந்த பிறகும் பழசை மறக்காத உள்ளம்! பெரியவரே, மரத்தடியில் உட்காரும் காலம் உமக்கு மலையேறிவிட்டது. இனி உம்மை அங்கே உட்கார விடமாட்டோம்!”

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். அன்று முதல் மரத்தடியில் கணேசமூர்த்தியின் கார்தான் நின்றது.

திங்கட்கிழமை ஷரஃபுதீன் பழைய லுங்கியில் கோணியோடு வந்தான். கருணாகரன் கையைப் பிடித்துத் தடுத்தான். “நீ ஏழையே இல்லன்னு பேப்பர்ல போட்டோ வந்துகீது பாய். நீ இப்பிடி வந்து குந்தினா சர்க்காருக்குக் கெட்ட பேரு.” அம்சவேணி முதற்கொண்டு அந்த வரிசையையே அன்றைக்குக் காலி செய்தார்கள். ஷரஃபுதீன் கணேசமூர்த்தியிடம் ஓடினான்.

“சார், நான் ஏழைதான் சார்!”

“அதெப்படி? வறுமையிலிருந்து வெளியே வரதுக்குத்தான் விதி இருக்கு. திரும்பி உள்ளே போறதுக்கு விதியே கிடையாது. டில்லிக்குத் தந்தி கொடுத்தாச்சு.”

“வூட்ல அடுப்பு எரியல சார்.”

“அது வறுமை இல்லைய்யா. வெறும் பசி. அது வேற இலாகா.”

எனக்கு இப்போது எழுதும்போதுகூட ரத்தம் கொதிக்கிறது. அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஊர்க் குடைகளெல்லாம் மீர்சாகிப்பேட்டைச் சந்தில் ஒரு மூலையில் கிடந்தன. குடைக்காரர்களெல்லாம் மரத்தடிக்கு வந்து, காரைப் பார்த்துவிட்டு, நனைந்துகொண்டே திரும்பினார்கள். அப்படித் திரும்பியவர்களில் நானும் ஒருவன். மயிலாப்பூர் முழுக்கத் தும்மியது.

வீட்டில் ஜமீலுன்னிசா அழுதாள். “நான்தான் கெடுத்தேன். அந்தப் பனியனோடவே அனுப்பியிருக்கணும்.” பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சட்டென்று கேட்டாள்:

“ஏழை அங்கே உக்காரக் கூடாதுன்னுதானே சொல்றாங்க?”

“ஆமா.”

“உங்களைத்தான் ஏழை இல்லைன்னுட்டாங்களே! ஷெர்வானியைப் போட்டுக்கிட்டுப் போய் உக்காருங்க.”

மறுநாள் கார் வருவதற்கு முன்பே ஷரஃபுதீன் மரத்தடியில் இருந்தான். பட்டு ஷெர்வானி, துருக்கித் தொப்பி, மடியில் ஒரு வக்கீலின் குடை. தூரத்திலிருந்து லத்தியை ஓங்கிக்கொண்டு வந்த கருணாகரனின் கை, கிட்டே வந்ததும் தானாக சல்யூட் அடித்துவிட்டது. யோசித்துப் பார்த்தான். கனவான் ஒருவர் மரத்தடியில் உட்காரக் கூடாதென்று எந்த உத்தரவிலும் இல்லை. மாடியிலிருந்து கணேசமூர்த்தியும் பார்த்தார். மந்திரி கட்டித் தழுவிய ஆளைப் போட்டோ வந்த வாரத்திலேயே விரட்ட முடியுமா? கார் மழையில் நின்றது.

அம்சவேணி கூடையோடு வந்து கன்னத்தில் கை வைத்தாள். “இன்னா பாய், மாப்ள மாரி ஜொலிக்கிறே! இத்தப் போட்டுகினா குந்த வுடுவாங்களா?”

“சல்யூட்டே அடிக்கிறாங்க!”

மறுநாள் அவள் தன் கல்யாணத்துக் கூரைப் புடவையில் வந்து பூ விற்றாள். செருப்புத் தைக்கிறவர் ஜரிகைத் தலைப்பாகையில் வந்தார். வேர்க்கடலைக்காரர் எங்கேயோ ஒரு கறுப்புக் கோட்டைச் சம்பாதித்துக்கொண்டு வந்தார். டிராமிலிருந்து இறங்கியவர்கள் எந்தச் சத்திரத்தில் முகூர்த்தம் என்று விசாரித்தார்கள். என் குடை எனக்குக் கிடைத்தது. ஆனால் ஷெர்வானிக்காரரிடம் பேரம் பேச வாய் வராமல் கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்தச் சுகம் நிலைக்காது என்று ஷரஃபுதீனுக்குத் தெரியும். சந்தில் ஒரு நிக்கா நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வேறு குண்டு. வியாழக்கிழமை ஷெர்வானி வந்தாக வேண்டும் என்று அப்துல் கய்யூம் சொல்லி அனுப்பிவிட்டார். புதன்கிழமை அவன் அதே கவலையாக உட்கார்ந்திருக்கும்போது, அடையாறு பக்கம் ஏதோ விழாவுக்குப் போய்க்கொண்டிருந்த மந்திரியின் கார் லஸ் முனையில் நின்றது. மந்திரி கண்ணாடியை இறக்கி வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தார். பட்டு, ஜரிகை, கோட்டு.

“பலே! ஒரு ஏழைகூடக் கண்ணில் படவில்லையே!” என்றார். “மாகாணத்திலேயே முதலில் இலக்கை எட்டிய இடம் இதுதான். இனி இங்கே காரியாலயம் எதற்கு? மாதக் கடைசியில் மூடிவிடலாம்.”

வாசலில் நின்று கும்பிட்ட கணேசமூர்த்தி, கும்பிட்ட கையை இறக்க மறந்துவிட்டார். மந்திரியின் கார் மறைந்ததுதான் தாமதம், கொட்டுகிற மழையில், குடை கூட இல்லாமல், தெருவைக் கடந்து மரத்தடிக்கு ஓடி வந்தார். இதுவரைக்கும் ‘நீர்’ என்றவர் முதல் தடவையாக ‘நீங்கள்’ என்றார்.

“ஷரஃபுதீன், நீங்க தயவு பண்ணணும். பழையபடி ஏழையா இருக்கணும்.”

“திரும்பி உள்ள போறதுக்கு விதி கெடையாதுன்னீங்களே சார்?”

“விதி நான் பண்றேன்! ஆபீஸை மூடிட்டா என் கதி என்ன? ஆத்துல அஞ்சாறு பேர் என்னை நம்பிண்டு இருக்கா. பெரியவளுக்கு வரன் பாத்துண்டிருக்கேன். இந்த உத்தியோகமும் போயிட்டா நான் தெருவுலதான் நிக்கணும்!”

ஷரஃபுதீன் நகர்ந்து அவருக்கு நனையாத பக்கமாக இடம் விட்டான். “குந்துங்க சார்” என்றான். கணேசமூர்த்தி கோணியின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“மரத்தடி யாருக்கு சார்?”

“உங்களுக்குத்தான்.”

“அம்சவேணி? மத்தவங்க?”

“எல்லாரும் இருக்கட்டும்! எத்தனை பேர் ஏழையா இருக்கேளோ அத்தனைக்கு எனக்கு நல்லது.”

“காரு?”

“மழையில நனையட்டும் சனியன்!”

ஷரஃபுதீன் ஷெர்வானியின் மேல் பொத்தானைக் கழற்றினான். உள்ளே அந்தப் பழைய பனியன் தெரிந்தது. அதைப் பார்த்ததும் கணேசமூர்த்திக்கு உயிர் வந்தது.

வியாழக்கிழமை ஷெர்வானி பிரித்துத் தைக்கப்பட்டு மாப்பிள்ளைக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை மரத்தில் ஒரு பலகை அறைந்தார்கள்: ‘சர்க்கார் ஏழைகள். யாரும் அப்புறப்படுத்தக் கூடாது.’ இலக்கு எட்டப்பட்டது என்ற செய்தி தவறு, வறுமை திருப்திகரமாக நீடிக்கிறது என்று டில்லிக்கு மறு தந்தி போயிற்று. காரியாலயத்தை மூடும் யோசனையைக் கைவிட்டார்கள். இன்னொரு விசிறிகூட வந்தது.

இந்த வருஷம் ரம்ஜான் முடிந்து ஷரஃபுதீன் புது லுங்கி கட்டிக்கொண்டு மரத்தடிக்கு வந்தான். நான் அப்போது அங்கேதான் நின்றேன். மாடியிலிருந்து அதைப் பார்த்த கணேசமூர்த்தி, செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடி வந்தார். அந்த லுங்கியையே வெறித்துப் பார்த்தார்.

“என்ன ஷரஃபுதீன், நல்லது கில்லது ஏதாவது நடந்துடுத்தா?”

ஷரஃபுதீன் குடைக் கம்பியிலிருந்து கையை எடுத்து, அவர் தோளில் ஆதரவாக வைத்தான்.

“பயப்படாதீங்க சார்” என்றான். “பண்டிகைக்கு மச்சான் வாங்கிக் குடுத்தது. மத்ததெல்லாம் அப்பிடியேதான் கீது.”